ஒரு சாண் கதவு

லோகநாதனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வராமல் என்ன செய்யும்? கடலும் ஏரியும் சேர்கிற கோட்டைக்குப்பத்துக் கரையில் இறால் பெட்டியும் நண்டுக் கூடையும் அடுக்கி வைக்கிற ஐஸ் ரூமை, பட்டணத்து மாலோடும் நட்சத்திர ஓட்டலோடும் ஒரே வரிசையில் உட்கார்த்தி, "இதுவும் வணிகக் கட்டடம்" என்று சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"மாலு, ஓட்டலு, நம்ம எறா ரூமு. மூணும் ஒண்ணாம்டா விக்கி! நாளைக்கு ஒரு லிப்ட்டு வெச்சுடலாமா?" என்று மகனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நைனா, மாடியே கெடையாதே. லிப்ட்டு எங்க போவும்?"

"சும்மா மேல கீழ போய்ட்டு வரலாம்டா. ஒரு மஜாதானே."

சங்கதி இதுதான். வியாபாரத்துக்கென்று கட்டின கட்டடம் எதுவானாலும், வருசத்துக்கு எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, இருக்கிற இடத்துக்கு அது அதிகமா குறைவா என்று கணக்கெடுத்து, வாசலில் போர்டு மாட்டி ஊருக்குச் சொல்ல வேண்டும். அளவாக இழுத்தால் பச்சைப் பட்டை. கொஞ்சம் கூடினால் மஞ்சள். வாரிக் குடித்தால் சிவப்பு. இறாலையும் நண்டையும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி, தன் கட்டடக் கணக்கோடு தனக்குச் சரக்குப் போடுகிறவர்களின் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டுமாம். அப்படித்தான் அந்தச் சட்டம் ஏரிப் பாலம் தாண்டி இந்தக் குப்பத்துக்கும் வந்து சேர்ந்தது.

போர்டு வந்தது. சிவப்பு. லோகநாதனின் சிரிப்பு அன்றைக்கே நின்றது.

அந்த ரூமை நடத்துவது லோகநாதனின் மனைவி மனோரமாவும் அவளோடு சேர்ந்த குப்பத்துப் பெண்களும். ரூம் வருவதற்கு முன்னால், கரையில் மீனை வைத்துக்கொண்டு வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் இவர்கள் எல்லாரும். உச்சி வெயில் வந்தால் இறால் தலை கறுக்க ஆரம்பித்துவிடும். அது வியாபாரிக்கும் தெரியும். மரத்தடியில் உட்கார்ந்து சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பான். ரூம் வந்த பிறகு அந்த ஆட்டம் முடிந்தது. பிடித்ததை உள்ளே வைத்தார்கள், மாலையில் கம்பெனி லாரி வந்தது, நியாயமான விலை கிடைத்தது. மனோரமா முதல் முறையாகக் கால் நீட்டி உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்றாள்.

இப்போது கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். தீபாவளி கழிந்து மறுபடியும் கணக்கெடுப்பார்கள். அப்போதும் சிவப்பு என்றால் லாரி வராது. லாரி வராவிட்டால் ரூம் இல்லை. ரூம் இல்லாவிட்டால் மறுபடியும் மரத்தடியும் வெற்றிலையும்தான். விக்கி வேறு, "ரூம் மூடிட்டா நான் துறைமுகத்துல காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்ட்றேம்மா" என்று இரண்டு தபா சொல்லிவிட்டான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். மனோரமாவுக்குத்தான் அது சாதாரணமாகப் படவில்லை.

லோகநாதனுக்கோ இது மானப் பிரச்சினை. இரண்டு படகுக்கு நடுவில் கால் மாட்டி நசுங்கிய நாளிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. ரூமின் மிஷினைப் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய தொழில். அந்தக் கம்ப்ரசரைத் துடைக்கிற மாதிரி பெற்ற பிள்ளையைக்கூட அவர் துடைத்ததில்லை. அதைப் போய் சிவப்பு என்று எழுதி வாசலில் மாட்டினால்? மனுசன் ஒரு காரியம் செய்தார். ஒரு பழைய நண்டு வலையைக் கொண்டுவந்து போர்டின் மேலேயே காயப் போட்டுவிட்டார்.

"அந்த வலையை எடு" என்றாள் மனோரமா.

"காயட்டும்."

"நைலான் வலை. மூணு நாளாவா காயுது?"

"இது கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி."

"போர்டைப் பாக்கக் கூடாதுன்னா போர்டு மேலயா வலை போடுவாங்க? வர்றவன் போறவன்லாம் வலையைத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டுப் போறான்."

அது உண்மைதான். வலை இல்லாதபோது யாரும் அந்தப் போர்டைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ரூமைச் சோதிக்கக் கம்பெனி ஒரு பெண்ணை அனுப்பியது. பெயர் சுபஸ்ரீ. கட்டடங்கள் எங்கே கரண்டை வீணாக்குகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வது அவளுக்குப் படிப்பும் வேலையும். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் நெல் பயிரிடுகிற வீடு. முதல் நாளே போன் செய்து, "நாளைக்கு மத்தியானம் வரேன்க்கா" என்று மரியாதையாகச் சொன்னாள். ஒருவர் வருகிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தாழ்வாரத்தைக் கழுவினார்கள். கோலம் போட்டார்கள். மீன் செதிலைக் கூட்டி வாரினார்கள். படகெல்லாம் வந்து, சரக்கெல்லாம் உள்ளே போய், கதவெல்லாம் சாத்தி, ஊரே தலை வாரிப் பூ வைத்த மாதிரி நின்றபோதுதான் அந்தப் பெண் வந்து இறங்கியது.

சுபஸ்ரீ வேலையில் கெட்டி. கதவின் ரப்பர் பட்டைக்கு நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தாள். காகிதம் கிழிந்ததே தவிர வரவில்லை. சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மிஷினுக்குக் கீழே படுத்துப் பார்த்தாள். உடுப்பில் கிரீஸ் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. லோகநாதனுக்கு அவளைப் பிடித்துப்போனது.

"ரூம் நல்லாருக்குக்கா. மிஷினை அண்ணன் கண்ணு மாதிரி வெச்சிருக்காங்க. ஆனா இவ்ளோ கரண்ட் எங்க போகுதுன்னுதான் தெரியல" என்றவள், சும்மா இருந்திருக்கக் கூடாதா, போகிற போக்கில் ஒன்று கேட்டாள். "வேற யாராச்சும் இந்த லைன்ல இருந்து எடுக்கறாங்களா?"

லோகநாதனின் கண் மேலே போனது. ரூமின் பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் கூரைக்கு மேலாகத் தொங்கி, அடுத்த வீட்டு ஜன்னலுக்குள் போயிருந்தது.

அடுத்த வீடு சகாதேவனுடையது. மனோரமாவின் கூடப் பிறந்த அண்ணன். புயல் அடித்த வருசம் ஊரே இருட்டில் கிடந்தபோது, ஒரு லைட்டுக்கும் போன் சார்ஜுக்கும் என்று லோகநாதனே இழுத்துக் கொடுத்த ஒயர் அது. கரண்ட் வந்த பிறகு அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பைபர் படகு. அதில் சகாதேவனும் விக்கியும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போவார்கள். இந்த வீட்டுத் தூக்குச் சட்டியில் குழம்பு போனால் அந்த வீட்டிலிருந்து ரசம் வரும். அப்படி இருந்தவர்கள்.

லோகநாதன் நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். காலை இழுத்துக்கொண்டு போன வேகத்தைப் பார்த்தே மனோரமாவுக்குப் புரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடினாள்.

"மச்சான், அந்த ஒயர்ல இன்னா ஓட்டறே? நேரா சொல்லு."

சகாதேவன் சோற்றில் கை வைத்திருந்தார். "இன்னா ஓட்டறேனா? ஒயரா?"

"மோட்டாரா? பிரிட்ஜா? எம் மிஷினு சிவப்புன்னு போர்டு போட்டுட்டாங்க. ஊரு சிரிக்குது. நீ இங்க காத்து வாங்கிக்கினு கீறே."

"மாப்ள, வார்த்தைய அளந்து பேசு."

"அளக்கத்தான் ஆள் வந்து கீது. மீட்டர் வெச்சு அளந்துட்டுப் போச்சு அந்தப் பொண்ணு."

அதற்குப் பதில் பேசியது சகாதேவனின் மனைவி பொன்னியம்மாள். பேசியது என்று கூடச் சொல்ல முடியாது. ஸ்டூல் போட்டு ஏறி, அந்த ஒயரை ஜன்னலோடு பிடுங்கி, சுருட்டி, லோகநாதனின் காலடியில் போட்டாள்.

"எடுத்துக்கினு போங்கண்ணா. திருட்டுக் கரண்ட்டுல எங்களுக்கு வெளிச்சம் வாணாம்."

"அண்ணி..." என்றாள் மனோரமா.

"நீ பேசாத மனோ. உங்க வீட்டுக்காரர் பேசினதே போதும்."

மறுநாளிலிருந்து சகாதேவன் படகுக்கு வரவில்லை. விக்கி வேறொரு ஆளைக் கூட்டிக்கொண்டு போனான். அந்த ஆளுக்கு வலை போடத் தெரிந்த அளவுக்கு வாயை மூடத் தெரியவில்லை; திரும்பி வரும்போது விக்கிக்குத் தலைவலிதான் மிச்சம். பொன்னியம்மாள் ரூமில் தன் வேலைக்கு ஒழுங்காக வந்தாள். நண்டு பிரித்தாள், இறால் பிரித்தாள், மனோரமாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. தூக்குச் சட்டி போக்குவரத்து நின்றது. பொன்னியம்மாளின் கைப்பக்குவ ரசம் இல்லாமல் மடவை மீன் குழம்பு இறங்கவில்லை என்று லோகநாதனே ஒரு நாள் சொல்லிவிட்டு, சொன்னோமே என்று தட்டைப் பார்த்துக்கொண்டார். மனோரமாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கூடப் பிறந்தவனைத் திருடன் என்று கட்டினவன் சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு வேறென்ன வரும்?

ஒயர் போன பிறகு லோகநாதன் தினமும் மீட்டரைப் போய்ப் பார்த்தார். ஒரு நாள் சாயங்காலம் மனோரமா தலை வாரிக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மனோ. மச்சான் எடுக்கல."

"இன்னா?"

"ஒயரு போயி இம்மா நாளாச்சு. மீட்டரு அதே வேகத்துல ஓடுது. ஒரு சுத்துகூடக் கொறையல."

"எங்கண்ணன் எடுக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"சொல்றதுதானே?"

"கேக்கற நெலமையிலா நீ இருந்தே?" சீப்பைத் தரையில் போட்டாள். "இப்ப இன்னா பண்ணப்போறே? போய் அவங்க காலாண்ட ஒயரைப் போட்டுட்டு வருவியா?"

லோகநாதன் தன் காலையே தடவிக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

மனோரமா அப்போதே சுபஸ்ரீக்குப் போன் போட்டாள். "இந்தாம்மா, நீ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனே. ரெண்டு குடும்பம் பேசிக்கறதில்ல. மத்தியானமும் வாணாம், சாயங்காலமும் வாணாம். நாளைக்குக் காலைல வந்து எனக்கு வழி சொல்லிட்டுப் போ."

அந்தப் பெண் பதறிப்போய், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள்.

புரட்டாசி வெயில் காலையிலேயே முதுகில் அறைந்தது. படகுகள் இன்னும் கடலில் இருந்தன. பக்கத்துத் தகரக் கொட்டகையில் பெண்கள் முந்தின நாள் மிச்சமான நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுபஸ்ரீ கேட்டைத் தாண்டித் தாழ்வாரத்தில் கால் வைக்கப் போனவள் வைக்க முடியாமல் நின்றாள். ஐஸ் ரூம் கதவுக்கு எதிரே, படியில், தரையில், ஒன்றன்மேல் ஒன்றாக நாய்கள். குப்பத்து நாய்கள் மொத்தமும் அங்கேதான். கூடவே ஒரு வெள்ளாடு வேறு கண்ணை மூடிப் படுத்துக் கிடந்தது.

"அக்கா, இதுங்க எப்பவும் இங்கதான் படுக்குமா?"

"காலைல இங்கதான். தொரத்தித் தொரத்தி எங்க கைதான் வலிக்குது. மத்தியானத்துக்கு மேல புங்க மரத்தாண்ட போயிடும்."

"நான் போன தடவை வந்தப்ப ஒண்ணுகூட இல்லையே. மத்தியானம் ஏன் போயிடுது?"

"அதை நாயைத்தான் கேக்கணும்" என்றாள் மனோரமா. அவள் இருந்த நிலைமையில் நாயைப் பற்றிப் பேச இவள் வந்தாளா என்று எரிச்சல்.

சுபஸ்ரீ நாயைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நாய்களுக்கு நடுவில் வெறுங்காலை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. குனிந்து கதவோரம் கையை நீட்டினாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அது சாத்திக்கொள்ளாமல் இருக்க, கீழே ஒரு வலை மிதவைக் கட்டை முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. உள்ளிருந்து குளிர், தண்ணீர் வழிகிற மாதிரி வழிந்து படியிறங்கி நாய்கள்மேல் போய்க்கொண்டிருந்தது.

"இந்தக் கட்டையை யாரு வெச்சது?"

யாருக்கும் கேள்வியே விளங்கவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் பொன்னியம்மாள்தான், நண்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"படகு இன்னும் வரலம்மா."

"சரிங்கக்கா. கதவு ஏன் திறந்திருக்கு?"

"அதான் சொல்றேனே. படகு வரல."

ரூம் கட்டுவதற்கு ரொம்ப காலம் முன்னால், அதே இடத்தில் மீன் ஏலம் போடுகிற ஓலைக் கொட்டகை இருந்தது. அதற்கு ஒரு மூங்கில் படல்தான் கதவு. தொழிலுக்குப் போன கடைசிப் படகு கரை சேருகிற வரைக்கும் அந்தப் படலைச் சாத்தமாட்டார்கள். ஆள் வெளியே இருக்கும்போது கதவைச் சாத்தினால், நீ வரவேண்டாம் என்று சொன்ன மாதிரி. சுனாமிக்குப் பிறகு அந்த ஓலைக் கொட்டகை போய்க் கட்டடம் வந்தது. அப்புறம் கட்டடத்துக்குள் ஐஸ் ரூம் வந்தது, படல் இருந்த இடத்தில் கனத்த கதவு வந்தது. யாரோ ஒருத்தி முதல் நாளே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்திருக்கிறாள். மற்றவர்கள் அப்படியே வைத்தார்கள். இதைப் பழக்கம் என்றுகூட யாரும் நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யாராவது பழக்கம் என்று நினைப்பார்களா?

சுபஸ்ரீ மெதுவாகத்தான் சொன்னாள். "அக்கா, மிஷின் மேல தப்பு இல்ல. யாரும் கரண்ட்டும் திருடல. இந்தக் கதவுதான். விடிஞ்சதுல இருந்து வெளியில இருக்கற வெயிலையெல்லாம் உங்க மிஷின் குளிர வைக்கப் பாக்குது."

"ஒரு சாண் கதவா?" என்றார் லோகநாதன்.

"ஒரு சாண்தான் அண்ணா. ஆனா தினமும்."

லோகநாதன் நாய்களைப் பார்த்தார். வெள்ளாட்டைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கோட்டைக்குப்பம் நாய்க்கெல்லாம் ஏசி போட்டுட்டு, எம் மச்சானைப் போயித் திருடன்னு சொன்னேனே. நான்லாம் ஒரு மனுசனா?"

ஒருத்தி சிரித்துவிட்டாள். அது பரவி எல்லாருமே சிரித்தார்கள். பொன்னியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் புருசனும் பெண்டாட்டியுமாகச் சகாதேவன் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் நின்று லோகநாதன் தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார்.

"மச்சான்... அந்த ஒயரு..."

"மொதல்ல காலை நீட்டி உக்காரு மாப்ள. நின்னுக்கினே இருந்தா ராத்திரி வலிக்கும்" என்றார் சகாதேவன்.

அதற்குமேல் லோகநாதனால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். "தப்புதான் மச்சான். பேஜாருல வாய் தவறிப் போச்சு."

"வுடுப்பா. சிவப்புன்னு எழுதினா எனக்கும் கோவம் வரும். நாளைக்கு நான் படகுக்கு வரேன். அந்த வாயாடிப் பயலை அனுப்பிடச் சொல்லு விக்கியை. புள்ள காதே போயிடும்."

பொன்னியம்மாள் உள்ளேயிருந்து நண்டு ரசம் கொண்டுவந்து வைத்தாள். மிளகு வாசனை வீடு முழுக்கச் சுற்றியது. மனோரமா அண்ணியின் கையைப் பிடித்தாள். அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் முகம் இறுகியே இருந்தது.

"எல்லாம் சரி மனோ. நீங்க பேசினதை நான் மறந்துட்டேன். கதவை மட்டும் சாத்தாதே."

"அண்ணி, சாத்தாட்டி ரூம் போயிடும்."

"போனா போவட்டும். எந்தம்பி போன அன்னைக்கு, மழைச் சாரல் அடிக்குதுன்னு யாரோ படலைச் சாத்திட்டாங்க. அவன் வரல. நான் பாத்தவ மனோ. நீ பாக்கல."

பொன்னியம்மாளின் தம்பி சுபாஷ் முகத்துவாரத்துச் சுழியில் போனவன். உடம்புகூடக் கிடைக்கவில்லை. மனோரமா ரசத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, தூக்கம் பிடிக்காமல் புரண்டு கிடந்தாள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே சகாதேவனும் விக்கியும் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். விடிந்ததும் மனோரமா ரூமுக்கு வந்தாள். கட்டை அதன் இடத்தில் முட்டுக் கொடுத்து இருந்தது. பொன்னியம்மாள் வைத்திருப்பாள்.

மனோரமா குனிந்து கட்டையை எடுத்தாள்.

"மனோ!" கொட்டகையிலிருந்து பொன்னியம்மாள் ஓடி வந்தாள். "வாணாம். எம் புருசன் கடல்ல கீறாரு. உம் புள்ளையும்தான் கீறான்."

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சுமாடி?"

மனோரமா கட்டையை அண்ணியின் கையில் வைத்தாள். இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். அது 'டப்'பென்று சாத்திக்கொண்டது. கொட்டகையில் ஒருத்தர் கையும் ஓடவில்லை. பொன்னியம்மாள் கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்தாள்.

ஒவ்வொரு படகாக வந்தது. சரக்கு உள்ளே போனது, கதவு சாத்திக்கொண்டது, அடுத்த படகு வந்தது. உச்சி வெயிலுக்குள் எல்லாப் படகும் வந்துவிட்டன. விக்கியின் படகு வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அப்புறம் அடிக்கவே இல்லை. மேற்கே பொன்னேரிப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு எழும்பியது. ஏரித் தண்ணீர் நிறம் மாறியது. காற்று திடீரென்று நின்று, பிறகு வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடிக்கே எங்கேயோ டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. லோகநாதனின் மிஷின் ஒரு முனகலோடு நின்றது.

மழை கொட்டியது. பெண்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் வந்து ஒண்டினார்கள்.

"மனோ, தொறந்து வுடுடி" என்றாள் அவர்களில் ஒருத்தியான கோமளா. "அதான் கரண்ட்டும் போச்சே. இனிமே சாத்தி இன்னா, தொறந்து இன்னா?"

"கரண்ட் போனதாலதான் தொறக்கக் கூடாது" என்றார் லோகநாதன். "உள்ள கீற குளிரு வெளிய போச்சுன்னா அத்தனை பேரு சரக்கும் போச்சு." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். "மனோ, நீ தொறக்கணும்னா தொற. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

மனோரமா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பயம் என்றால் அப்படியொரு பயம். ஐயோ, நானே என் கையால் சாத்தினேனே, என் பிள்ளைக்கும் என் அண்ணனுக்கும் நானே சாத்தினேனே என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து ஒரு சாண் திறந்தால் போதும், இந்தப் பயம் அடங்கிவிடும். கை கைப்பிடிவரைக்கும் போனது.

"தொறக்கமாட்டேன்" என்றாள்.

"ஏன்டி இம்மாம் பிடிவாதம்?"

"இப்ப பயந்துக்கினு தொறந்தா, அவங்க வரமாட்டாங்கன்னு நானே முடிவு கட்டின மாதிரி. எங்கண்ணன் வருவாரு. எம் புள்ள வருவான். வர்ற சரக்கை வைக்க எடம் ஜில்லுன்னு இருக்கணும்." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மழை கொஞ்சம் விட்டதும் பக்கத்துப் படகுக்காரர்கள் தேடப் போக எஞ்சினைத் தோளில் தூக்கினார்கள். லோகநாதன் அவர்களோடு கரைக்கு ஓடினார். அந்தக் காலோடு ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். மற்றப் பெண்களும் போய்விட்டார்கள். மனோரமா மட்டும் கதவோடு இருந்தாள். கரையில் ஏதோ சத்தம் கேட்டது. அது அழுகைச் சத்தமா, வேறு சத்தமா என்று மழையில் தெரியவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருக்க அவளுக்குத் தைரியம் இல்லை. கதவைத் திறந்துகொண்டு ரூமுக்குள்ளேயே போய், உள்ளிருந்து சாத்திக்கொண்டாள். இருட்டு. ஐஸ் பெட்டிகள் கல்லு மாதிரி இருந்தன. ஒரு சொட்டுக்கூடக் கரையவில்லை.

அப்போது கதவை யாரோ தட்டினார்கள்.

அந்தக் கதவை அதுவரை யாரும் தட்டியதில்லை. திறந்தே கிடந்த கதவை யார் தட்டப்போகிறார்கள்? மனோரமாவுக்கு முதலில் என்ன சத்தமென்றே புரியவில்லை. மறுபடியும் தட்டினார்கள். ஈரக் கையால் தட்டுகிற சத்தம்.

கைப்பிடியைத் தள்ளித் திறந்தாள். விக்கி நின்றுகொண்டிருந்தான். உடம்பெல்லாம் சேறு. தலையில் நண்டுக் கூடை. அவனுக்குப் பின்னால் சகாதேவன் இறால் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார்.

"இன்னாம்மா இது? எஞ்சின் காத்தாடில வலைத்துண்டு சுத்திக்கிச்சு. முகத்துவாரத்துல நங்கூரம் போட்டுக்கினு உசுரைக் கையில புடிச்சுக்கினு கெடந்துட்டு, தண்ணி ஏத்தத்தோட வந்து சேந்தா, நீ கதவைச் சாத்திக்கினு உள்ள கீறே. நாங்க வரமாட்டோம்னு நெனச்சுட்டியா?"

"வருவீங்கன்னு நெனச்சதாலதான்டா சாத்தி வெச்சேன்" என்றாள் மனோரமா. "உள்ள வை. ஜில்லுன்னு கீது."

கூடையை அவன் இறக்குவதற்குள் அவனைச் சேறோடு கட்டிப்பிடித்துக்கொண்டாள். சகாதேவன் பெட்டியை இறக்கிவிட்டு, தங்கையின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பொன்னியம்மாள் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவள்தான் சொன்னாள்.

"குளிரு போவுது பாரு. சாத்துங்கடி."

கரண்ட் மறுநாள்தான் வந்தது. ஊர்ச் சரக்கில் ஒரு நண்டுகூடக் கெடவில்லை. தீபாவளி கழிந்து கணக்கெடுத்தபோது மஞ்சள் வந்தது. பச்சை வந்திருக்கும், பழைய மாசங்களும் அதே கணக்கில் சேர்ந்துவிட்டன, அடுத்த வருசம் பாருங்கள் என்று சுபஸ்ரீ போனில் சொன்னாள். லாரி வருகிறது. லோகநாதன் போர்டின் மேலிருந்த வலையை எடுத்துவிட்டார். எடுத்ததோடு நிற்காமல் தினமும் போர்டைத் துடைக்கவும் ஆரம்பித்துவிட்டார். வருகிறவன் போகிறவனை நிறுத்தி, "மஞ்சளு பாத்தியா? சென்னைல எத்தினி மாலு இன்னும் சிவப்புல கீதோ" என்று கேட்கிறார். நாய்களுக்குத்தான் கோபம். காலையில் வந்து படியை மோந்து பார்த்துவிட்டுப் புங்க மரத்தடிக்குப் போய்விடுகின்றன.

கட்டையைப் பொன்னியம்மாள் எறிந்துவிடவில்லை. அந்த மழைக்கு மறுநாள் காலையில் அவளே அதை வெளியே கொண்டுபோய், காம்பவுண்டு இரும்பு கேட்டுக்கு முட்டுக் கொடுத்தாள். கேட் அகலத் திறந்து கிடந்தது. உள்ளே குளிர்க் கதவு சாத்தியிருந்தது.

இப்போதெல்லாம் படகில் வருகிற ஒவ்வொருத்தரும் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள். பூட்டு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, தள்ளினால் திறந்துகொள்ளும். இருந்தாலும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நுழைகிறார்கள். கொட்டகையில் நண்டு பிரிக்கிற பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு, இது யார் கை, அது யார் கை என்று சொல்லிக்கொள்கிறார்கள். கடைசித் தட்டுக் கேட்ட பிறகு பொன்னியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், கேட்டிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு வருகிறாள்.